தூங்கச் சொல்லி எழுப்பினோம்

1. வாக்கர்

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலையில் பிசியோதெரபிஸ்ட் வாக்கரைக் கொண்டுவந்து என் மகளின் கட்டிலருகே வைத்தார். ஸ்டெல்லா மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். நல்ல காலைத் தரையில் ஊன்றினாள். அதற்குள் முகம் வெளுத்துவிட்டது.

"முடியலைங்க. தலை சுத்துது. விட்டுடுங்க" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

பிசியோதெரபிஸ்ட் பொறுமையானவர். "சரிம்மா, சாயந்திரம் பாப்போம்" என்று வாக்கரைச் சுவரோரம் தள்ளி வைத்துவிட்டுப் போனார். முந்தைய நாளும் இப்படித்தான் ஆனது.

நான் அதே மருத்துவமனையில்தான் வேலை பார்க்கிறேன். பயோமெடிக்கல் பிரிவுக்கு இன்சார்ஜ். மானிட்டர், வென்டிலேட்டர், மருந்து ஏற்றும் பம்ப் என்று நோயாளியோடு சேர்த்து மாட்டுகிற எந்த மெஷினானாலும் அதை நிறுவுவதும் பழுது பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். போர்டு, சென்சார், கேலிபரேஷன் எல்லாம் மேனுவலில் இருக்கிறது. நான் சொல்லப்போவது மேனுவலில் இல்லாதது. என் பிள்ளை படுத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஸ்டெல்லா கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். மன்னார்புரம் பக்கம் தோழியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனவளை ஒரு வேன் தட்டிவிட்டது. தோழிக்குச் சிராய்ப்பு. இவளுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. உள்ளே ராட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். தியேட்டர் கதவுக்கு வெளியே நான் நின்ற நேரத்தைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்பது மட்டும் போதும்.

அன்று ரவுண்ட்ஸுக்கு வந்த ஆர்த்தோ டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னை வெளியே அழைத்தார்.

"மரியதாஸ், எலும்பு பிரமாதமா உக்காந்திருக்கு. புண்ணும் சுத்தமா இருக்கு. பொண்ணுதான் தூங்க மாட்டேங்கிறா. தூங்காதவளுக்கு வலி ரெண்டு மடங்காத் தெரியும், சாப்பாடு இறங்காது. நிக்கச் சொன்னா தலை சுத்தும்."

"தூக்க மாத்திரை எதுவும் குடுக்கலாமா சார்?"

"குடுக்கலாம். காலைல அந்த மப்புலயே வாக்கரப் பிடிச்சா? விழுந்தா என்ன ஆகும்? எனக்கு அவ நடக்கணும். படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும். அது எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே தெரியும். வலிக்கு நான் மருந்து சரியாத்தான் எழுதியிருக்கேன். மாத்திரை இல்லாம தூங்க வைக்கப் பாருங்க."

எனக்குத் தெரியும். இத்தனை வருடம் ஐ.சி.யூ.வில் மெஷின் மாட்டியவனுக்குக் காலில் கட்டும் ரத்தம் நுரையீரலுக்குப் போனால் என்ன ஆகும் என்பது தெரியாமல் இருக்குமா? தெரியாத அப்பாவாக இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

2. சிபாரிசு பெட்

எங்கள் பெண்கள் வார்டில் நர்ஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே இருப்பது முதல் பெட். எல்லோரும் அதை ஸ்டேஷன் பெட் என்பார்கள். அதற்குத்தான் எப்போதும் அடிபிடி. நர்ஸ் தலையைத் தூக்கினால் நோயாளி தெரிவார். கூப்பிட்டால் உடனே ஆள் வரும். ஊர்ப் பெரிய மனிதர்கள் போன் போட்டு அந்தப் பெட்டைக் கேட்பார்கள். நானும் கேட்டேன். வார்டு இன்சார்ஜ் நூர்ஜஹான் சிஸ்டர் எனக்காக அதை ஒதுக்கிவைத்துத் தந்தார்.

அந்தப் பெட்டுக்கு மேலே சுவரில் ஒரு மானிட்டர் உண்டு. விரலில் கிளிப் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, நாடித்துடிப்பு எவ்வளவு என்று காட்டும். ஆபரேஷன் முடிந்த நாளில் மாட்டியது. மறுநாள் ரவுண்ட்ஸில் டாக்டர் அதை எடுத்துவிடச் சொல்லியிருந்தார். சிஸ்டர் கழற்ற வந்தபோது நான்தான் தடுத்தேன்.

"இருந்துட்டுப் போகட்டும் சிஸ்டர். வேற யாருக்கும் இப்ப தேவையில்லையே."

"டாக்டர் வேணாம்னுட்டாரே சார்."

"மெஷின் நம்மளுதுதானே. நான் பாத்துக்கறேன்."

சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார். கிளிப்பை அப்படியே விட்டுவிட்டுப் போனார். எனக்கு அந்த நம்பர் வேண்டியிருந்தது. வார்டுக் கதவைத் திறந்ததும் தூரத்திலிருந்தே பச்சை எழுத்தில் தொண்ணூற்றெட்டு என்று தெரிந்தால்தான் என் நெஞ்சுப் பாரம் இறங்கும்.

அது பெண்கள் வார்டு. பார்வையாளர் நேரம் முடிந்தால் ஆண்கள் இருக்கக்கூடாது. ராத்திரியில் என் மனைவி லூர்துதான் துணைக்கு இருந்தாள். நான் திருவானைக்காவல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டு, விடிந்ததும் காவிரிப் பாலத்தைத் தாண்டி வந்துவிடுவேன். வந்ததும் முதலில் கேட்பது, "தூங்கினாளா?"

"எங்க தூங்குறது" என்பாள் லூர்து. "கண்ண மூடுவா, அந்த மெஷின் கத்தும். கை அசைஞ்சா கத்துது. ஏ.சி. குளிருக்கு விரல் சில்லிட்டாலும் கத்துது. சிஸ்டர் ஓடி வந்து அமத்துவாங்க. மறுபடியும் கத்தும்."

இங்கேதான் இளைய பிள்ளைகள் கவனிக்க வேண்டும். அலாரம் தேவையில்லாமல் அடிக்கிறது என்று கேட்டதும் ஒரு பயோமெடிக்கல்காரனின் மூளை எங்கே போகும்? சென்சாருக்குப் போகும். நானும் சென்சாரை மாற்றினேன். மறுநாளும் லூர்து அதையே சொன்னதால் கேபிளை மாற்றினேன். பிறகு ஐ.சி.யூ.வுக்கென்று வாங்கி வைத்திருந்த ஒட்டுகிற வகை சென்சாரைக் கொண்டுவந்து, கழன்றுவிடாமல் டேப்பும் சுற்றினேன். இறுக்கிச் சுற்றியதில் விரலில் ரத்த ஓட்டம் குறைந்து அலாரம் இன்னும் அதிகமாக அடித்தது.

மெஷினில் எந்தக் கோளாறும் இல்லை. அது சரியாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

3. ஒரே நாளில் ரிப்பேர்

டாக்டர் பேசிவிட்டுப் போன அன்று எனக்கு வெறி மாதிரி வந்துவிட்டது. சத்தம்தானே எதிரி, அதை ஒழித்துவிடலாம் என்று என் ஆட்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு வார்டில் இறங்கினேன். மருந்து டிராலியின் சக்கரம் தேய்ந்து கடகடவென்று சத்தம் போடும். புது ரப்பர் சக்கரம் போட்டோம். வார்டுக் கதவு காற்றில் படாரென்று அடிக்கும். மெயின்டெனன்ஸ் பிரிவில் சொல்லி, கதவை மெல்ல மூட வைக்கும் குளோசரை மாற்ற வைத்தேன். ஸ்டேஷன் டெலிபோனின் மணியைக் குறைத்தோம். ஸ்டேஷன் விளக்கு நேராகப் பெட்டில் விழாமல் ஒரு தடுப்பு வைத்தோம்.

நூர்ஜஹான் சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிராலி சக்கரம் வேணும்னு நான் எத்தன தடவ இண்டெண்ட் எழுதி அனுப்பினேன், ஞாபகம் இருக்கா சார்?"

"ஸ்டாக் இல்லைன்னு சொன்னாங்க சிஸ்டர்."

"இன்னைக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு ஸ்டாக்? உங்க வீட்டுலேருந்து யாராவது ஒவ்வொரு வார்டுலயும் ரெண்டு நாள் படுத்தாங்கன்னா நம்ம ஆஸ்பத்திரி நல்லா ஆயிடும் போலருக்கே."

என் ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு டிராலிச் சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை வார்டு அமைதியாகத்தான் இருந்தது. நான் திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை வந்து பார்த்தால் ஸ்டெல்லா முன்பைவிட மோசமாக இருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது. இட்லியைத் தொடவில்லை. வாக்கரைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் அவளுடைய கெண்டைக்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் இல்ல" என்றார். அந்த "இன்னைக்கு வரைக்கும்" என்ற சொல் நாள் முழுக்க என் கூடவே நடந்தது.

4. சார் பொண்ணு

அன்று பகலில் நான் லீவு போட்டுவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தேன். வேலைக்காரனாக அல்லாமல் வெறும் அப்பாவாக அந்த வார்டில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்குக் கண் சொருகியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லேப் டெக்னீஷியன் வந்தார். ரத்தம் எடுக்க வரவில்லை. சும்மா பார்க்க வந்தார். "என்னம்மா, தூங்குறியா? தூங்கு தூங்கு" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் எக்ஸ்ரே பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். பிறகு பில்லிங்கில் இருக்கும் அம்மா ஆப்பிள் பையோடு வந்தார். "பாப்பாக்கு இப்ப எப்படி இருக்கு சார்? நல்லா ரெஸ்ட் எடு கண்ணு." செக்யூரிட்டி டியூட்டி மாறும்போது இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். வேறு வார்டு நர்ஸ் ஒருத்தி தானாகவே வந்து பி.பி. பார்த்தாள். "சார் பொண்ணாச்சே, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

எங்கள் இடத்தில் இது வழக்கம். ஊழியர் வீட்டில் யாராவது அட்மிட் ஆனால் எல்லாப் பிரிவிலிருந்தும் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் மனத்தாங்கலாகிவிடும். நானும் யார் வீட்டுப் பிள்ளை படுத்தாலும் முதல் ஆளாகப் போய் நின்றவன்தான். டியூட்டி முடிந்துதான் போக முடியும் என்பதால் வருகிறவர்கள் பகல், மாலை, விடியல் என்று எல்லா ஷிஃப்டிலும் வந்தார்கள். அத்தனை பேரும் அன்போடுதான் வந்தார்கள்.

ஓரத்து பெட்டில் வைதேகி மாமி என்று ஒருவர் இருந்தார். ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். முழங்கால் மாற்று ஆபரேஷன் முடிந்து வாக்கரில் நடக்க ஆரம்பித்துவிட்டார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த ஓரத்தில் பேச ஆள் கிடைக்காமல், வாக்கரைத் தள்ளிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து நிற்பார். அன்றும் வந்தார்.

"சார், தப்பா எடுத்துக்கப்படாது. எங்க ஊர்ல பெருமாள் படுத்துண்டேதான் சேவை சாதிக்கறார். ஊரே க்யூவுல நின்னு பாக்கறது. ஆனா ஒருத்தராவது தோளத் தட்டி, 'தூங்கறேளா பெருமாளே'ன்னு கேட்டிருப்பாளா?"

ஸ்டெல்லா, அடிபட்ட நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாரும் தூங்கு தூங்குன்னு சொல்றதுக்குத்தாம்பா எழுப்புறாங்க. நீங்களுந்தான்."

"நான் எப்பம்மா எழுப்பினேன்?"

"காலைல வந்ததும் என்ன செய்றீங்க? விரலப் பிடிச்சு அந்தக் கிளிப்ப அமுக்கிப் பாக்குறீங்க. நான் முழிச்சதும் 'தூங்கினியா'ன்னு கேக்குறீங்க."

மாமி வாக்கரில் சாய்ந்துகொண்டு தொடர்ந்தார். "நான் அங்க ஓரத்துல கிடக்கேன். ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கறதில்லை. எனக்கு இந்த அமைதி ஆகவே ஆகாது. எக்ஸ்சேஞ்சுல நைட் டியூட்டி பாத்த உடம்பு. சுத்தி நாலு பேர் பேசிண்டு, மணி அடிச்சுண்டு இருந்தாத்தான் எனக்குக் கண்ணே அசரும். பேசாம எடத்த மாத்திக்கலாமா சார்? நான் இங்க வந்துடறேன். கொழந்த அங்க போகட்டும்."

"வேணாம் மாமி. அங்க மானிட்டர் பாயிண்ட் கிடையாது. ஸ்டேஷன்லேருந்து பாத்தா தூண் மறைக்கும். சிஸ்டர் கண்ணுக்கு ஆள் தெரியாது."

"அதுதானே வேணும்னு சொல்றேன்" என்றார் மாமி.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள முடியவில்லை. தூணுக்குப் பின்னால் அவளுக்கு மூச்சுத் திணறினால் யாருக்குத் தெரியும் என்பதுதான் என் மனத்தில் ஓடியது. எடுத்துவிடச் சொன்ன மெஷினை நம்பி, எடுக்கச் சொன்ன டாக்டரை நம்பாமல் இருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பார்வையாளர் நேரம் முடிந்ததும், போகும்போது ஒரு தடவை கிளிப்பைச் சரி செய்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

5. முதல் பெட்

மறுநாள் காலை வார்டுக் கதவைத் தள்ளினேன். புது குளோசர் போட்டதால் அது சத்தமில்லாமல் திறந்தது. வழக்கம்போல என் கண் மானிட்டருக்குப் போனது. திரை இருட்டாக இருந்தது. நம்பர் இல்லை. கேபிளைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். கண்ணைக் கீழே இறக்கினேன். பெட்டில் ஓர் உருவம் தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் துணியால் மூடிக் கிடந்தது.

பக்கத்தில் லூர்து இல்லை. ஸ்டேஷனிலும் யாரும் இல்லை.

ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவனுக்கு அந்தக் காட்சிக்கு ஒரே ஓர் அர்த்தம்தான். மெஷினை நிறுத்தி, கேபிளைச் சுருட்டி, முகத்தை மூடுவது எந்த வரிசையில் நடக்கும் என்பதை நான் எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கேபிளைச் சுருட்டியதே பல தடவை நான்தான். சுவரைப் பிடித்துக்கொண்டேன். மாதாவே என்று சொன்னேனா இல்லையா என்றுகூட நினைவில்லை.

அப்போது அந்தத் துணிக்கு அடியிலிருந்து ஒரு குறட்டை வந்தது. நிதானமான, கனமான குறட்டை. என் மகள் சத்தியமாக அப்படிக் குறட்டை விடமாட்டாள்.

ஓரத்து பெட்டுக்குப் போனேன். தூணுக்குப் பின்னால், ஜன்னல் பக்கமாகத் தலையைச் சாய்த்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி ஸ்டெல்லா தூங்கிக்கொண்டிருந்தாள். விரலில் எதுவும் இல்லை. டேப் ஒட்டியிருந்த இடத்தில் கோடு மட்டும் இருந்தது. லூர்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்துக்கொண்டே எழுந்து வந்து, என்னைக் கைப்பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? போன் பண்ணியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள்.

"நூர்ஜஹான் சிஸ்டர்கிட்ட நான்தாங்க கேட்டேன். அவங்க டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டு, சார்ட்டு மருந்தெல்லாம் பேர் பாத்து முறையா மாத்தி எழுதித்தான் இடம் மாத்தினாங்க. மாமி வந்து படுத்த அஞ்சாவது நிமிஷம் குறட்டை. இவளும் கொஞ்ச நேரம் ஜன்னலப் பாத்துட்டே கிடந்தா. அப்புறம் தூங்கிட்டா. அப்பப்ப சிஸ்டர் வந்து எழுப்பாம பாத்துட்டுத்தான் போனாங்க."

"ஆக்சிஜன் சாச்சுரேஷன் யாராவது பாத்தீங்களா?"

"பக்கத்துலயே உக்காந்திருக்கேன். மூச்சு நல்லா விடுறா. நெஞ்சு ஏறி இறங்குறது எனக்குத் தெரியாதா?"

என் சட்டைப் பையில் கையடக்கமான ஆக்சிமீட்டர் ஒன்று எப்போதும் கிடக்கும். சின்னதாக விரலில் மாட்டிப் பார்ப்பது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஒரே ஒரு தடவை, அவளுக்குத் தெரியாமல் மாட்டிப் பார்த்துவிட்டால் போதும் என்று தோன்றியது. லூர்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பலமாக ஒன்றும் பிடிக்கவில்லை. விட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன்.

6. ரவுண்ட்ஸ்

நாங்கள் அப்படியே நிற்கும்போது வார்டில் ஒரு பரபரப்பு எழுந்தது. ஆர்த்தோ டாக்டர் ரவுண்ட்ஸுக்கு வருகிறார். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் ரவுண்ட்ஸ் என்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. விடியலிலேயே நோயாளிகளைத் துடைத்து, பெட்ஷீட் மாற்றி, தலை வாரி, முடிந்தவர்களை உட்கார வைத்துவிடுவார்கள். பெரிய டாக்டர் வரும்போது நோயாளி தூங்கிக்கொண்டிருப்பது வார்டுக்கே மரியாதைக் குறைவு.

இளம் டியூட்டி சிஸ்டர் ஒருத்தி வேகமாக வந்தாள். "அம்மா, எழுப்பி உக்கார வைங்க. சார் வந்துட்டாங்க."

லூர்து நகரவில்லை. அதற்குள் டாக்டர் தூணைத் தாண்டி வந்துவிட்டார். பின்னால் நூர்ஜஹான் சிஸ்டரும் ஜூனியர் டாக்டர்களும். ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்தார். இளம் சிஸ்டர் அவள் தோளைத் தொடக் கை நீட்டினாள்.

"தொடாதீங்க" என்றார் டாக்டர் தணிந்த குரலில். "இவள கடைசியாப் பாத்துக்கறேன். மத்த பெட்டுக்குப் போலாம்."

திரும்பியவர் என் கையைப் பார்த்து நின்றார். ஆக்சிமீட்டர் இன்னும் என் விரல்களுக்கிடையில் இருந்தது.

"நான் ரெண்டாவது நாளே மானிட்டர எடுக்கச் சொன்னேனே. நேத்து வரைக்கும் யாருக்காக மாட்டியிருந்துச்சு?"

நூர்ஜஹான் சிஸ்டர் சார்ட்டைப் புரட்டுவதுபோல் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

"எனக்காகத்தான் சார்" என்றேன்.

"அப்ப அத உங்க விரல்ல மாட்டிக்கங்க. ரீடிங் எனக்கும் காட்டுங்க. பாக்கவே பயமா இருக்கு உங்க மூஞ்சி."

ஜூனியர் டாக்டர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பிறகு உண்மையிலேயே மாட்டிப் பார்த்தேன். நாடித்துடிப்பு நூற்றிருபதுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

ரவுண்ட்ஸ் முடிந்து, காபி வந்து, வார்டு பெருக்கி முடித்த பிறகும் அவள் எழவில்லை. பார்க்க வந்த கேன்டீன்காரரை நானே கதவருகில் நிறுத்திவிட்டேன். "தூங்குறாங்க. நீங்க வந்ததச் சொல்லிடறேன்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லது சார், தூங்கட்டும்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு, கையில் கொண்டுவந்த பாலை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

வெயில் ஜன்னலில் ஏறிய பிறகு ஸ்டெல்லா கண் விழித்தாள். கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் "தூங்கினியா" என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் நிறுத்திக்கொண்டேன்.

"அப்பா, சாப்பிட என்ன இருக்கு?" என்றாள்.

ஆறிப்போன பொங்கலைத் தேங்காய்ச் சட்னியோடு முழுக்கச் சாப்பிட்டாள். பிசியோதெரபிஸ்ட் வந்தபோது அவளே வாக்கரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். எழுந்து நின்றபோது பல்லைக் கடித்தாள். தலை சுற்றவில்லை. ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி வைத்தாள். நான் இரண்டு கைகளையும் அவள் முதுகுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டே போனேன்.

"சார், நீங்க தள்ளி நில்லுங்க. நான் வாக்கரப் பாக்கவா, உங்களப் பாக்கவா?" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

தள்ளி நின்றேன். அவள் தூணைத் தாண்டி, ஸ்டேஷன் வரைக்கும் போய்த் திரும்பினாள். வைதேகி மாமி முதல் பெட்டில் உட்கார்ந்து நர்ஸ்களின் குடும்பக் கதைகளை விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் முகமும் தெளிவாக இருந்தது.

7. பிறகு

அந்த வாரமே நூர்ஜஹான் சிஸ்டரும் டாக்டரும் பேசி வார்டில் சில மாற்றங்களைக் கொண்டுவந்தார்கள். உடல்நிலை தேறிய நோயாளிகளுக்கு இரவில் எந்தப் பரிசோதனை தேவை, எது தேவையில்லை என்று டாக்டரே சார்ட்டில் எழுதிவிடுவார். தேவையானவற்றையும், மருந்து கொடுக்கும்போது ஒரே தடவையில் சேர்த்து முடித்துவிடுவார்கள். விடியல் துடைப்பும் பெட்ஷீட் மாற்றமும் காபிக்குப் பிறகு என்று ஆயிற்று. முதலில் நைட் ஷிஃப்ட் பெண்களுக்கு இதில் சம்மதமில்லை. "எங்க வேலைய டே ஷிஃப்ட் தலையில கட்டறதா பேச்சு வரும்" என்றார்கள். பேச்சும் வந்தது. நூர்ஜஹான் சிஸ்டர் சமாளித்தார். ஊழியர் வீட்டு நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் மாலையில் மட்டும் வரலாம், தூங்கினால் துணைக்கு இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது.

எங்கள் பிரிவிலும் நான் வேலை செய்யும் விதத்தை மாற்றிக்கொண்டேன். பிள்ளைகளே, ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். தேவைப்படுகிற நோயாளியின் அலாரத்தை ஒருபோதும் அணைக்காதீர்கள். தூக்கம் முக்கியம் என்று நான் சொன்னதாகச் சொல்லி எவனாவது ஐ.சி.யூ.வில் அலாரத்தை நிறுத்தினால் முதலில் நான்தான் அவனை வேலையைவிட்டு அனுப்பச் சொல்வேன். அலாரம் வீணாக அடிக்கிறது என்று போன் வந்தால், சென்சார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன்னால், இந்த மெஷின் இந்த நோயாளிக்கு இன்னும் வேண்டுமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். வேண்டும் என்றால் அந்த நோயாளிக்குத் தகுந்த அலாரம் லிமிட் என்ன என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள். வேண்டாம் என்றால் கழற்றிக்கொண்டு வந்து சுத்தம் செய்து ஸ்டோரில் வையுங்கள். மாட்டுவது மட்டுமல்ல, நேரத்தில் கழற்றுவதும் நம் வேலைதான்.

உறவுக்காரர் யாராவது பயத்தில், "இருந்துட்டுப் போகட்டும் சார்" என்று கெஞ்சுவார்கள். அவர்களைத் திட்டாதீர்கள். ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொல்லுங்கள். எனக்கு அதைச் சொல்ல அன்று லூர்து இருந்தாள்.

ஸ்டெல்லா இப்போது நன்றாக நடக்கிறாள். கல்லூரிக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். நான்தான் இன்னும் முழுக்கத் தேறவில்லை. யாராவது தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தால், குறட்டை கேட்கும்வரை என்னால் அந்த இடத்தைவிட்டு நகர முடிவதில்லை. ஆனாலும் வீட்டில் ஒரு விஷயத்தில் தேறிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் லூர்து, "சர்ச்ல பூசைக்கு நேரமாச்சு, அவள எழுப்புங்க" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். நான் ஸ்டெல்லாவின் அறைக் கதவு வரைக்கும் போவேன். போய்விட்டு, திரும்பி வந்து சொல்வேன்: "தூங்குறா. ரெண்டாம் பூசைக்குப் போய்க்கலாம்."

லூர்து முணுமுணுப்பாள். எழுப்பமாட்டாள்.